மாத்திரை ஏன் தவறுகிறது? எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் மனநலமும் மருந்து ஒழுங்கும்

எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இன்று அரசு தரும் சிகிச்சை ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான். டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. இதைத் தரும் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையங்களில் இதைச் சுருக்கமாக டி.எல்.டி. என்பார்கள். காசு கிடையாது, பத்தியம் கிடையாது, சாப்பிடும் முன்போ பின்போ போடலாம். 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய காலத்தில் இவ்வளவு எளிதாக இல்லை. அன்று தினமும் இரண்டு வேளை போட வேண்டியிருந்தது. ஸ்டாவுடின் சேர்ந்த மருந்தால் பலருக்குக் கால் எரிச்சல் வந்தது, கன்னம் ஒட்டிப்போனது.

இன்று இவ்வளவு எளிதான பிறகும் மாத்திரை தவறுகிறது. மையத்தில் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மறந்துட்டேன் மேடம்." சில நேரம் அது உண்மை. பல நேரம் அந்தப் பதிலுக்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறது. பெண்களிடம் அந்தக் காரணம் அநேகமாக மனச்சோர்வாக, பயமாக, அல்லது வீட்டில் அவளுக்கு இருக்கும் இடமாக இருக்கும். மறதிக்கு அலாரம் போதும், பயத்துக்கு அலாரம் உதவாது. ஆகவே மாத்திரை தவறும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தக் காரணத்தால் தவறுகிறது என்பதைத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் சுமார் 25 லட்சம் பேரில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் பெண்கள் என்பதால் இது சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கக் கூடியது இல்லை.

எவ்வளவு தவறலாம்?

போட வேண்டிய மாத்திரைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் போட்டிருக்க வேண்டும் என்பது மையங்களின் எதிர்பார்ப்பு. 30 நாளில் ஒன்று விட்டுப்போனால் 96.7, இரண்டு விட்டுப்போனால் 93.3. அதாவது மாதத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. கணக்கு பார்க்கும் முறை எளிது. 30 மாத்திரை கொண்ட டப்பாவோடு போனவர் 28 நாள் கழித்து வந்தால் மீதம் 2 இருக்க வேண்டும். 5 இருந்தால் அவர் போட்டது 25. 25ஐ 28ஆல் வகுத்தால் 89 விழுக்காடு.

இந்த மருந்து வைரஸை அழிப்பதில்லை, பெருகவிடாமல் தடுத்து வைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்கும். அரைகுறையாக எடுத்தால் அந்த மருந்துக்கே பணியாத வைரஸ் உருவாகும். லாமிவுடினுக்குப் பணியாத வைரஸ் எளிதில் வரும். டோலுடெக்ராவிர் அவ்வளவு சீக்கிரம் தோற்காது என்பது இன்றைய மருந்தின் பெரிய பலம். ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு மாத்திரையை விடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்து இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டி.எல்.டி.யில் உள்ள இரண்டு மருந்துகள் அதையும் கட்டுப்படுத்துகின்றன. திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

மருந்து வேலை செய்கிறதா என்று சொல்வது வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பரிசோதனை. சிகிச்சை தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு மில்லி ரத்தத்தில் 1000 பிரதிகளோ அதற்கு மேலோ இருந்தால் மாதம் ஒருமுறை என்று மூன்று மாதம் சிறப்பு ஆலோசனை தந்து, மறுபடி பரிசோதிப்பார்கள். கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. இதைப் பல பெண்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருப்பதில்லை. "நான் தொட்டா என் பிள்ளைக்கு வந்துடுமோ" என்று ஆண்டுக்கணக்கில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி மனபாரம் அன்றே இறங்கும்.

மீந்த மாத்திரையைக் குப்பையில் கொட்டுவது

மாத்திரை எண்ணிப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததால், மையத்துக்குக் கிளம்பும் முன்பே மீந்ததைக் கழிவறையிலோ குப்பையிலோ கொட்டிவிடுபவர்கள் உண்டு. திட்டு வாங்கக் கூடாது என்பதுதான் காரணம். அதன் விளைவைப் பாருங்கள். அட்டையில் 100 விழுக்காடு என்று பதிவாகிறது. வைரல் லோட் ஏறுகிறது. மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டும் வைரஸ் ஏறுகிறது என்றால் மருந்துதான் தோற்றுவிட்டது என்று மருத்துவர் நினைக்க வேண்டியதாகிறது. நன்றாக வேலை செய்யக்கூடிய மருந்தை விட்டுவிட்டு, அதிக மாத்திரைகள் கொண்ட அடுத்த கட்ட மருந்துக்கு மாற நேரிடலாம். மீதி மாத்திரையை அப்படியே கொண்டுபோவதே நல்லது.

இதில் கேட்பவர் பக்கமும் தவறு உண்டு. "ஒழுங்கா போடுறீங்கதானே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போறதுதான்" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். அடுத்து "அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் காரணமும் வரும். ஆலோசகர், செவிலியர், வீட்டில் உண்மை தெரிந்த அக்கா தங்கை என்று யார் கேட்டாலும் இப்படியே கேட்கலாம்.

மனம் மாத்திரையை எப்படித் தடுக்கிறது

மனச்சோர்வு வந்தவருக்கு எழுந்து பல் துலக்குவதே பெரிய வேலை. தூக்கம் கெடுகிறது, நினைவும் கவனமும் மங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக நாளை என்ற நினைப்பே மங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. மாத்திரையோ நாளைக்காகப் போடுவது. இன்று போட்டால் இன்று வலி குறையாது, இன்று விட்டால் இன்று எதுவும் ஆகாது. நாளையை நினைக்க முடியாதவருக்கு அதைப் போட ஒரு காரணமும் தோன்றாது. "யாருக்காகப் போடணும்?" என்ற கேள்வி ஆலோசகர்களின் காதில் அடிக்கடி விழுகிறது. அதைக் கேட்டதும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடாமல், மனச்சோர்வின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, தன்னைத்தானே இழிவாக நினைப்பது. மாத்திரையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நோய் நினைவுக்கு வருகிறது. போடாத நாளில் நோய் இல்லாததுபோல் இருக்கிறது. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. இப்படித் தொடங்கும் இடைவெளிகள் மெல்ல நீளும்.

பெண்களுக்கென்று இன்னொரு பாரமும் இருக்கிறது. பல வீடுகளில் கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்குத்தான் முதலில் தெரியவருகிறது. கணவர் அதுவரை பரிசோதனையே செய்திருக்கமாட்டார். முதலில் தெரிந்தவர்தான் கொண்டுவந்தவர் என்று குடும்பம் முடிவு கட்டிவிடும். யாருக்கு முதலில் தெரிந்தது என்பதை வைத்து யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. கணவர் இறந்த பிறகு, புகுந்த வீட்டில் இருக்க இடமில்லாமல், பிள்ளைகளோடு தாய் வீட்டில் சுமையாக நிற்கும் பெண்ணுக்குத் தன் மாத்திரை கடைசி வேலையாகிவிடுகிறது. குடும்பத்தில் கணவருக்கும் மருந்து இருந்தால் அவருடையதை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பார், தன்னுடையதை விட்டுவிடுவார். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில் மாத்திரை டப்பாவே சண்டைக்குக் காரணமாகலாம் என்று பயந்து அதை எடுக்காமலே இருப்பவர்களும் உண்டு.

இது எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது: தவறிய மாத்திரையும் மனதைக் கெடுக்கிறது. நாலு நாள் விட்டுப்போகிறது. திட்டுவார்களோ என்று பயந்து குறித்த தேதிக்கு மையத்துக்குப் போவதில்லை. கையிருப்பும் தீர்கிறது. குற்றவுணர்வு கூடக்கூட மையத்தின் படியேறுவது இன்னும் கடினமாகிறது. சுமார் ஒரு மாத இடைவெளி இப்படித்தான் ஆறு மாதமாகிறது. விட்டுப்போனவர் திரும்பி வந்தால் மையம் சேர்த்துக்கொள்ளும், இலவச மருந்தும் உண்டு. எவ்வளவு நாள் நின்றது என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள். காசநோய் அறிகுறி, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எல்லாம் பார்த்து மறுபடி தொடங்குவார்கள்.

சோர்வா, வேறு ஏதாவதா?

நம் பெண்கள் "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். "உடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா இருக்கு", "தூக்கமே இல்ல", "சோறு இறங்கல" என்றுதான் வருவார்கள். அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, காசநோய் ஆகியவையும் இதே அசதியைத் தரும். ஹீமோகுளோபின் பார்க்காமல் எல்லாம் மனசு என்று சொல்லிவிடுவது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

மருந்தும் காரணமாக இருக்கலாம். முன்பு பலருக்கும் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ், தலைசுற்றலும் பயங்கரக் கனவுகளும் தரும். சிலருக்கு மனச்சோர்வையும் கூட்டும். டோலுடெக்ராவிர் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படியானால் நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரவு வேளையைக் காலை வேளையாக மாற்றிக்கொண்டால் பலருக்குச் சரியாகிவிடும். எடை கூடுவதும் உண்டு. தோற்றம் மாறுவதைப் பற்றிய வருத்தத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். அந்தக் காரணத்துக்காகவே மாத்திரையை விடுபவர்கள் இருக்கிறார்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று சுருக்கமாகப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும்: இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, அநேகமாகத் தினமும் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாகப் பார்க்க வேண்டும். இது நோய் உறுதி செய்யும் பரிசோதனை இல்லை, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டுவது மட்டுமே. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். லேசான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே உதவும். அதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை, கோயில், பூக்கட்டு, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று நாள் வாரியாக மறுபடி சேர்ப்பது ஒரு வழி. ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்வது இன்னொரு வழி. சோர்வு அதிகமானால் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மருந்துகள் தருவார்கள். இவை டி.எல்.டி.யோடு மோதுவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று விடுவதும், நன்றாகிவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். வலிப்புக்கோ வேறு எதற்கோ கார்பமசெபின் அல்லது பெனிட்டாயின் எடுப்பவர்கள் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, எந்த நாளிலும் விடாத ஒரு பழக்கத்தோடு கட்டுங்கள். கடலூர் முதுநகரில் மீன் எடுக்க விடியும் முன்பே கிளம்பும் பெண்ணுக்குக் காலை எட்டு மணி என்பது வேலைக்கு நடுவே வரும் நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய கை ஈரம் காயும் நேரம்தான் அவருக்குச் சரி. பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகிறவருக்கு, கிளம்பும் முன் குடிக்கும் டீ வேளை. விரதம் இருந்தாலும் மாத்திரையைத் தண்ணீரோடு போடலாம். நோன்பு வைப்பவர்கள் இஃப்தார் வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மறந்தால், நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரத்துக்குள்தான் இருக்கிறது என்றால் விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடுங்கள். ஒருபோதும் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

மறைத்து வைப்பது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. அரிசிப் பானைக்குள், புடவை மடிப்பில், பீரோவின் அடியில் என்று எங்கெங்கோ வைக்கிறார்கள். மறைக்கத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளை எடுத்துவிடலாம், ஆனால் காலாவதித் தேதியை எங்காவது குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை எடுக்காதீர்கள். டெனோஃபோவிருக்கு ஈரம் ஆகாது. கடலோரக் காற்றில் காகிதத்தில் மடித்து வைத்த மாத்திரை கெட்டுப்போகும். டப்பா குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சு வைக்கலாம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறிய மூடிய டப்பியில் எடுத்து வைத்துக்கொண்டால், போட்டோமா இல்லையா என்ற சந்தேகமும் வராது.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள்தான் பெண்களுக்கு அதிகமாக இடைஞ்சல் செய்பவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இவை தரப்படுகின்றன. வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைப் போடுங்கள். அவற்றை முதலில் போட்டுவிட்டால் டி.எல்.டி.க்கு ஆறு மணி நேரம் விடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே என்றால் சேர்த்தே போடலாம். ஆனால் ஜெலுசில் போன்ற அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை, இடைவெளி கட்டாயம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கையிருப்பைக் கணக்குப் பாருங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கடலூர், புதுச்சேரிக் கரை மீண்டும் மீண்டும் பேருந்து நிற்கும் நாட்களைப் பார்த்திருக்கிறது. மாத்திரை தீரும் நாளில் மையத்துக்குப் போவது என்ற பழக்கம் மழைக்காலத்தில் ஆகாது. குறைந்தது ஒரு வார மாத்திரை மிச்சம் இருக்கும்படி முன்கூட்டியே போய்விடுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்து சேர்த்துத் தர வழி உண்டு, கேட்டுப் பெறுங்கள். டப்பாவையும் சிகிச்சைக் கையேட்டையும் இரட்டை பாலிதீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

ஊர்க்காரர் கண்ணில் படாமல் இருக்கக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும், புதுச்சேரியிலிருந்து கடலூருக்கும் மருந்து வாங்கப் போகிறவர்கள் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் செலவும் ஒரு நாள் கூலியும் போகும், அதுவே பிறகு தவறுவதற்குக் காரணமாகும். மையம் மாறுவதானால் சொல்லாமல் மாறாமல், பழைய மையத்தில் மாற்றல் கடிதம் வாங்கிப் போங்கள். இரண்டும் வேறு வேறு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களின் கீழ் இருந்தாலும் மாற்றல் உண்டு. கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ வெளியூர் போகிறவர்கள், எத்தனை மாதம், எந்த ஊர் என்று முன்பே சொன்னால் மருந்தைக் கூட்டித் தரவோ அங்கிருக்கும் மையத்தில் வாங்கவோ ஏற்பாடு செய்வார்கள்.

பிரசவத்துக்குப் பிறகான மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பகாலம் முழுக்க, பிள்ளைக்காக என்று ஒரு நாள் விடாமல் போட்ட பெண், பிள்ளை பிறந்ததும் தடுமாறுகிறார். தாய் வீடு, தூக்கமின்மை, பார்க்க வரும் உறவுக்கூட்டம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. குழந்தைக்குத் தொற்றாமல் இருக்கத் தரும் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பார், தன்னுடையதை மறப்பார். தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும் தாயின் மாத்திரைதான் குழந்தைக்குக் காவல். இரண்டையும் ஒரே வேளைக்கு மாற்றிவிடுங்கள். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை, பதினெட்டாம் மாதத்தில் கடைசி உறுதிப் பரிசோதனை. அந்தத் தேதிகளிலேயே தாயிடமும் மேலே சொன்ன இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்.

யாரிடம் சொல்வது?

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவரிடமாவது சொன்ன பெண், ஒருவரிடமும் சொல்லாத பெண்ணைவிட எளிதாக மருந்தைத் தொடர்கிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது? முன்பு நீங்கள் சொன்ன ஒரு ரகசியத்தைக் காத்தவரை. கோபம் வந்தால் குத்திக்காட்டும் ஆளை வேண்டாம். சொல்லும் முன் ஆலோசகரிடம் ஒருமுறை பேசி ஒத்திகை பார்ப்பது நல்லது. வீட்டில் யாரும் இல்லையென்றால், மையத்திலேயே கேர் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். அவரும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்தான். மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் கூட்டமைப்பு எங்கே கூடுகிறது என்பதை அவரிடமோ, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலோ, 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணிலோ கேட்கலாம்.

சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியிடுவதை அது தடுக்கிறது. சொன்னால் அடியோ கைவிடலோ நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், மருத்துவர் துணைவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்கிறது. குடும்பம் வாழும் வீட்டில் தங்கவும், அதன் எந்தப் பகுதியிலிருந்தும் ஒதுக்கப்படாமல் இருக்கவும் உரிமை தருகிறது. கணவர் இறந்ததும் வீட்டை விட்டுப் போகச் சொன்னாலோ, சமையலறைக்குள் விடாவிட்டாலோ, இது பொருந்தும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வீட்டில் வன்முறை என்றால் 181.